மச்சானின் சுத்தியல்

நானா,

இன்று காலை மேசை லாச்சியைக் கிளறியபோது அந்தச் சின்னச் சுத்தியல் கையில் அகப்பட்டது. உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். கைப்பிடியில் சுற்றிய கறுப்பு டேப் பிசுபிசுத்துப் போய்விட்டது. தலைப் பக்கம் லேசாகத் துருவேறியிருக்கிறது. கடலுக்குப் பக்கத்து வீட்டில் எந்த இரும்பும் தப்பாது என்று நீங்கள் சொன்னது சரிதான். நான் தேடியது மூக்குக் கண்ணாடியை. சுத்தியல் அகப்பட்டதும் கண்ணாடியை மறந்துபோனேன்.

கண்ணாடி தேடியது மகள் தர்ஷினி அனுப்பியதை வாசிக்க. அவளும் மருமகனும் இங்கே கொழும்பில், பம்பலப்பிட்டியில் ஒரு ஃபிளாட் வாங்கப் போகிறார்கள். வங்கியின் விலைமதிப்பாளர் கொடுத்த அறிக்கையைப் போனில் அனுப்பிவிட்டு, நான் திறந்து பார்க்கும் முன்னமே எடுத்துக் கதைத்தாள்.

“அப்பா, பாங்க் பார்த்திட்டுது. எல்லாம் ஓகே.”

“பாங்க் என்னத்தைப் பார்த்தது?”

“இதென்ன கேள்வி? வீட்டைத்தான்.”

“நீங்கள் பார்க்கிறதுக்கு ஆள் ஒண்டும் கொண்டு போகேல்லையோ?”

“ஐயோ அப்பா, அவை தெரிஞ்ச ஆக்கள். இவற்ற பெரியம்மாவோட ஒண்டாப் படிச்சவ அந்த வீட்டு ஆன்ரி. ஆள் கொண்டு போய்த் தட்டிக் கொட்டிப் பார்த்தா என்ன நினைப்பினம்? பின்னேரம் நீங்களும் ஒருக்கா வந்து பாருங்கோ. ஆனால் ஒண்டும் கதைக்காதேங்கோ.”

தெரிஞ்ச ஆட்கள். இதே சொல்லை நான் உங்களுக்குச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும்.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் மகனுக்குக் கலியாணம் வைத்துவிட்டார். மாப்பிள்ளைக்கு மேல்மாடி வேண்டும், நீங்கள் வேறிடம் பாருங்கள் என்று மரியாதையாகவே சொன்னார். அதற்கு முன்னும் இப்படி மூன்று வீடு மாறியிருந்தோம். இனி மாறுவதென்றால் சொந்த வீட்டுக்குத்தான் என்று மனைவி சாந்தி பிடிவாதமாக நின்றாள். புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை தூக்கத் தொடங்கிய நாளிலிருந்து சேர்த்ததெல்லாம் கையில் இருந்தது, மிச்சத்துக்கு வங்கி. அந்த வயதில் ஒரு தடவைதான் வீடு வாங்கலாம். பிழைத்தால் திருப்பி வாங்க ஆயுள் காணாது.

உங்கள் துணிக்கடையும் என் செத்தல் மிளகாய்க் கடையும் ஒரே சுவரைப் பங்கு போட்டவை. உங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானும் உங்களை நானா என்றேன். என் பக்கம் மூட்டை அவிழ்த்தால் உங்கள் பக்கம் சாரி பார்க்கும் பெண்கள் தும்முவார்கள். “மொதலாளி, ஒங்கட மொளகா என்ட கஸ்டமர விரட்டியது,” என்று சுவருக்கு மேலால் கத்துவீர்கள். அந்தச் சுவருக்கு மேலால்தான் ஒருநாள், வெள்ளவத்தை வீட்டை விற்கப் போகிறேன் என்றும் சொன்னீர்கள். பெண்பிள்ளைகள் மூவரும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. உங்கள் மனைவிக்கு முழங்கால் படி ஏறவிடாது. தெஹிவளையில் மூத்த மகளின் கீழ்வீடு காலியாக இருக்கிறது. நான் அன்றைக்கே விலை கேட்டேன். சொன்னீர்கள். கொஞ்சம் யோசித்தேன், நீங்கள் கொஞ்சம் இறங்கினீர்கள். கை கொடுத்தோம்.

“ஆள் ஒருத்தரக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டப் பாருங்க,” என்றீர்கள்.

“என்ன நானா கதைக்கிறியள்? தெரிஞ்ச ஆக்களுக்குள்ள என்னத்துக்கு அதெல்லாம்? வீட்டுக்கு வந்து சாப்பிட்டவன் நான்.”

“சாப்பிட்டது சோத்த. செவர இல்ல.”

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் சாந்தியும் வந்தோம். வாசலில் சாந்தி செருப்பைக் கழற்றும் முன்னமே நீங்கள் தொடங்கிவிட்டீர்கள். முன் மதிலைக் காட்டி, வீதியை அகலமாக்கினால் இது மாநகரசபைக்குப் போகும், வீதிக் கோடு எங்கே போகுது என்று சபையில் கேட்டு எழுதி எடுங்கள் என்றீர்கள். பின் அறைக்குள் கூட்டிப் போனீர்கள். தெற்கு மழை தொடங்கினால் அந்த மூலையில் ஈரம் ஊறும். தாரா முட்டை மாதிரி ஒரு வட்டம். “பெயின்ட் அடிச்சா ஒரு வருஷத்துக்குத் தெரியாது. நான் அடிக்கல்ல. பாருங்க.” குசினித் தண்ணீர் பெருமழைக்குக் கான் வழியே திரும்பி வரும். மேல்மாடிச் சின்ன அறை அனுமதிப் படத்தில் இல்லை, உங்களுக்கு முன்னிருந்தவர் களவாகப் போட்டது. பக்கத்து வீட்டு மாமரத்தின் வேர் எங்கள் பக்கத்துத் தரையைத் தூக்குகிறது. மாங்காய் மட்டும் அவர்கள் பக்கம் விழுகிறது.

ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல்லைச் சொன்னீர்கள். “இது ஒரு ஐபு.” “இங்கயும் ஒரு ஐபு ஈக்கி.” சாந்தி என்னைப் பார்த்தாள். நான் கேட்டேன்.

“ஐபு எண்டா கொற. சாமானில உள்ள கொறய வாங்கியவனுக்குக் காட்டிக் குடுக்கணும். காட்டாம வித்தா சல்லி வரும், பரக்கத் வராது.”

பரக்கத் என்ன என்று கேட்கவில்லை. புறக்கோட்டையில் இத்தனை காலம் இருந்தவனுக்கு அது தெரியும்: கையில் வந்த காசு கையில் நிற்பது.

பஸ்ஸில் திரும்பும்போது சாந்தி உருகிப் போயிருந்தாள். “இப்படியும் ஒரு மனிசனே!” என்றாள். என்னால் உருக முடியவில்லை. நான் மிளகாய் வியாபாரி, நானா. மூட்டையின் வாயைப் பார்த்து நான் ஒருநாளும் விலை சொன்னதில்லை. முழங்கைவரை உள்ளே விட்டு நடுவில் கிடப்பதை எடுத்துத்தான் பார்ப்பேன், இரவெல்லாம் கை எரிந்தாலும். எங்கள் தொழிலில் ஒரு வித்தை உண்டு. விற்கிறவன் மேலே நாலைந்து பூஞ்சணம் பிடித்த காயைத் தானே எடுத்துக் காட்டி, “ஐயா, இது கொஞ்சம் பழுது, பார்த்து எடுங்கோ,” என்பான். வாங்குகிறவன் அந்த நேர்மையில் மயங்கி நடுவைப் பார்க்காமல் விடுவான். ஈரம் நடுவில்தான் இருக்கும்.

நீங்கள் அப்படிப்பட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அப்படிப்பட்டவர் இல்லை என்றும் எனக்குத் தெரியாது. பக்கத்துக் கடையில் துணி விற்கிறவரை எனக்குத் தெரியும். வீடு விற்கிறவரை அன்றுதான் முதலில் கண்டேன்.

இரத்மலானையில் ஒரு எஞ்சினியர் இருந்தார், என் களஞ்சியத்துக்குக் கொங்கிறீற் போட்டவர். சிங்களவர், நல்ல மனிதர், கதை குறைவு. அவரைக் கொண்டுவருவது என்று முடிவெடுத்தேன். ஆனால் கை கொடுத்த பிறகு, ‘ஆள் வேண்டாம்’ என்று பெரிதாகச் சொன்ன வாயால், இதோ ஆள் என்று எப்படிச் சொல்வது? என் மச்சான் என்று சொல்லிவிடுவம் என்றேன். சாந்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

“உங்களுக்கென்ன விசரே? அந்த மனிசன் தானே ஆள் கொண்டு வா எண்டு சொன்னது. நீங்கள் வேண்டாம் எண்டு போட்டு இப்ப களவாக் கொண்டு போறியள். அதுவும் என்ர அண்ணன் எண்டு! அவருக்குத் தமிழ் தெரியுமே?”

“ஓம் எண்டு சொல்லத் தெரியும். காணும்.”

எஞ்சினியருக்கு வழியில் விளக்கினேன்: வீட்டுக்காரருக்கு நீங்கள் எஞ்சினியர் என்று சொல்ல வேண்டாம், மச்சான் என்றுதான் சொல்வேன். அவர் மகிழ்ந்து போனார். சிங்களத்தில் மச்சான் என்றால் கூட்டாளி. அதற்கு மேல் அவருக்கு விளங்கவில்லை, நானும் விளக்கவில்லை.

அந்தப் பின்னேரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் காது சுடுகிறது, சிரிப்பும் வருகிறது. நீங்கள் எங்களை வாசலில் வரவேற்று உள்ளே இருத்தினீர்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரருக்குப் போல வட்டிலப்பம் வந்தது.

“சாந்தி தங்கச்சிட நானாவா?” என்றீர்கள் அவரைப் பார்த்து.

“ஓம்,” என்றார் எஞ்சினியர்.

“யாழ்ப்பாணத்துல எந்தப் பக்கம்?”

“ஓம், ஓம்.”

“பிள்ளகள் எத்தன பேர்?”

“ஓம்,” என்று இன்னும் பெரிதாகச் சிரித்தார்.

நீங்கள் சிரிக்கவில்லை. வட்டிலப்பத்தை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்தீர்கள். அவர் முடித்ததும் மேலே போய்க் காற்று வாங்கலாமா என்று நான்தான் கேட்டேன். மச்சானுக்குக் காற்று வாங்கும் இடம் குளியலறை என்று உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கும். காற்சட்டைப் பையிலிருந்து சுத்தியலை எடுத்து, சுவரில் காது வைத்து, டொக் டொக் என்று தட்டினார். தட்டிவிட்டு மேலே சீலிங்கைப் பார்த்தார். எட்டவில்லை. நுனிக்காலில் நின்றார். அப்போதும் எட்டவில்லை.

படிக்கட்டின் கீழிருந்து உங்கள் குரல் வந்தது.

“மஹத்தயா, இனிமகக் ஓனெத?”

ஏணி வேண்டுமா என்று சிங்களத்தில் கேட்டீர்கள். எஞ்சினியரின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த வீட்டில் அவருக்கு விளங்கிய முதல் வசனம். “ஓனெ, ஓனெ!” என்றார். நீங்களே ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறி வந்தீர்கள். என்னைத் தாண்டிப் போகும்போது, “ஒங்கட மச்சான் நல்ல எஞ்சினியர் போல,” என்று மட்டும் சொன்னீர்கள்.

நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மாமரத்தைப் பார்த்தேன்.

குளியலறைக்கு மேலுள்ள கொங்கிறீற்றில் ஒரு மூலையைத் தட்டியபோது சத்தம் மாறியது. மற்ற இடமெல்லாம் டொக் என்றது, அங்கே மட்டும் டொப் என்றது, பழுத்த பூசணிக்காயில் தட்டினாற்போல. அவர் இன்னும் கொஞ்சம் தட்ட, ஒரு சீமெந்துப் பொருக்கு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி சிவந்து உப்பிக் கிடந்தது. கடற்காற்று உப்பு, கம்பி துருப்பிடித்து வீங்கினால் சீமெந்தைத் தள்ளும், இப்போது செய்தால் சின்ன வேலை, விட்டால் ஒருநாள் தலையில் வரும் என்று சிங்களத்தில் விளக்கினார்.

இதை நீங்கள் எனக்குக் காட்டவில்லை. அந்த நொடியில் நான் உங்கள் முகத்தைத்தான் பார்த்தேன். முழங்கைவரை கையை விட்டு, நடுவில் ஈரம் தட்டுப்பட்டதா என்று.

நீங்கள் எஞ்சினியரை இறங்கச் சொல்லிவிட்டு, அந்த வயதில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினீர்கள். சுத்தியலை வாங்கி நீங்களே தட்டினீர்கள். டொக். டொக். டொப். மறுபடி டொப். இறங்கிவந்து ஏணியின் கடைசிப் படியில் இருந்துகொண்டீர்கள்.

“இது எனக்குத் தெரியாது, மொதலாளி.”

“பரவாயில்லை நானா.”

“பரவால்ல எண்டா? இதுக்குக் கீழதானே என்ட பிள்ளகள் எல்லாம் குளிச்சது.” சுத்தியலை ஏணியில் வைத்தீர்கள். “தெரிஞ்ச ஐபு தெரியாத ஐபு எண்டு ரெண்டு இல்ல. வீடு என்ட. ஐபும் என்ட. வெலயில கழிச்சுப் போடுவம்.”

நான் நம்பினேன். சாந்தி ஏற்கெனவே நம்பியிருந்தாள். அத்தோடு வீடு எங்களுடையது என்று நினைத்தோம். அந்த நினைப்பைக் குழப்பியது வங்கிதான்.

விலைமதிப்பாளர் ஒரு வெயில் நாளில் வந்தார். நானும் வந்து நின்றேன். நாடாவால் காணியின் முகப்பை அளந்தார், ஒழுங்கையின் அகலத்தை அளந்தார், காலி வீதிக்கு எத்தனை தூரம், கடல் எத்தனை தூரம் என்று கேட்டார், படம் பிடித்தார். வீட்டுக்குள் வந்தவர் அறைகளை எண்ணினார். சுவரைத் தட்டவில்லை. உங்கள் தேத்தண்ணி ஆறுவதற்குள் போய்விட்டார். “ரோட்டத்தான் பாக்கியார்,” என்றீர்கள்.

அறிக்கை வந்தபோது நான் இரத்மலானை எஞ்சினியரிடம் கொண்டுபோனேன். காணிக்கு ஒரு பேர்ச் இவ்வளவு என்ற கணக்கில் பெரிய தொகை. கட்டடத்துக்குத் தேய்மானம் கழித்துச் சின்னத் தொகை. ‘கட்டடம் நல்ல நிலையில் உள்ளது’ என்று ஒரு வரி. கடைசியில் இன்னொரு தொகை: கட்டாய விற்பனைப் பெறுமதி. இதென்ன என்றேன். நான் கடன் கட்டாமல் விட்டால், வங்கி இந்த வீட்டை அவசரத்தில் விற்று எவ்வளவு எடுக்கும் என்பது. எனக்கு அப்போதுதான் தலை தெளிந்தது. அந்த மனிதர் என் காசில் வந்து வங்கிக்காகப் பார்த்துப் போயிருக்கிறார். அவர் பிழை செய்யவில்லை. அவரிடம் கேட்கப்பட்ட கேள்வியே வேறு. வீடு என் தலையில் விழுமா என்று அவரை யாரும் கேட்கவில்லை.

“அவர் பாங்க்குக்குப் பாக்கிறது. நான் உங்களுக்குப் பாக்கிறது, மச்சாங்,” என்றார் எஞ்சினியர், தன் தமிழில். தர்ஷினிக்கு நான் இன்று சொல்ல வேண்டியிருந்ததெல்லாம் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

ஆனால் அன்றைக்கு என்னை உலுக்கியது வேறு. அறிக்கையில் மொத்தமாகப் போட்ட தொகை, நாங்கள் கை கொடுத்த விலையை விட அதிகம். நிறையவே அதிகம். ஒழுங்கையில் ஏற்கெனவே இரண்டு தொடர்மாடிகள் எழும்பியிருந்தன. காணி விலை எங்களுக்குத் தெரியாமல் ஏறிவிட்டது. அந்த வாரமே ஒரு தரகர் ஃபிளாட் கட்டும் ஆளொருவரைக் கூட்டிக்கொண்டு உங்கள் கடைக்கு வந்தார். சுவருக்கு மேலால் எனக்குக் கேட்டது. “வீட்டை யார் ஹாஜியார் பார்க்கிறது? நிலத்துக்குத்தான் காசு,” என்றார் தரகர். இவரை நாளைக்கே வெள்ளவத்தைக்குக் கூட்டிவந்து காணியைக் காட்டுகிறேன் என்றார்.

நான் கடையை நேரத்தோடு பூட்டினேன். கொட்டாஞ்சேனை வீட்டுக்காரருக்கு நாங்கள் நாள் சொல்லிவிட்டோம். பெட்டிகள் பாதி கட்டியாகிவிட்டது. சாந்திக்கு விஷயத்தைச் சொன்னேன். அவள் பெட்டி ஒன்றின் மேல் இருந்துகொண்டு, “அந்த மனிசன் எங்களுக்கு ஏன் குறைச்சுத் தரவேணும்? நாங்கள் ஆரு?” என்றாள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் மாலை என்னைக் கூப்பிட்டீர்கள். சாரி மடிக்கும் மேசையில் தேத்தண்ணி இரண்டு, நான் கொடுத்திருந்த வங்கி அறிக்கையும். நீங்கள் வள்ளலாக நடந்துகொள்ளவில்லை, நானா. அதை இங்கே எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் ஆட்கள் இப்போது உங்களைப் பற்றி அப்படித்தான் கதை சொல்கிறார்கள்.

“மொதலாளி, சொன்ன வெலக்கு இப்ப ஏலாது,” என்றீர்கள்.

“தெரியும் நானா.”

“நெலத்துக்கு பாங்க் சொன்னது வெல. அதுல பேச்சு இல்ல. எனக்கு மூணு பிள்ளகள் ஈக்கி.”

“சரி.”

“இப்ப செவருக்கு வாங்க.” விரல்களை மடிக்கத் தொடங்கினீர்கள். குளியலறைக் கொங்கிறீற். பின் அறை ஈரம். குசினிக் கான். களவு அறை. வீதிக் கோட்டுக்குள் போகிற மதில். “மாங்கா?” என்றேன். “மாங்காவுக்கு ஒண்டும் ஏலாது,” என்றீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை சொன்னீர்கள், நான் கூட்டச் சொன்னேன், நீங்கள் குறைத்தீர்கள். தேத்தண்ணி ஆறிப்போனது. கடைசியில் கழித்துப் பார்த்தால், முதல்நாள் கை கொடுத்த விலைக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. அந்தக் கொஞ்சத்தையும் விடச்சொல்லி நான் கேட்டேன். “அது மச்சானுக்குக் குடுத்த வட்டிலப்பம்,” என்றீர்கள். கட்டினேன்.

கை கொடுத்த பிறகுதான் கேட்டேன்: அந்த ஃபிளாட்காரர் இதைவிடக் கூடத் தந்திருப்பாரே?

“தந்தீப்பார். அந்தாள் வீட்டுக்குள்ளேயே வரல்ல. கேட்டுக்கு வெளிய நிண்டு காணிய அளந்தார். உள்ள வந்து பாருங்க எண்டேன். என்னத்துக்கு ஹாஜியார் எண்டு சிரிச்சார்.” கோப்பையைத் தள்ளி வைத்தீர்கள். “ஒங்கட மச்சான் பாத்ரூமுக்குள்ள கழுத்து நோக நோகத் தட்டினார். ஐபு பாக்கியவன்தான் குடியிருக்கப் போறவன். ஒடைக்கப் போறவனுக்கு என்னத்துக்கு ஐபு?”

அப்படியென்றால், அவமரியாதை என்று நான் ஒளித்துக் கொண்டுவந்த அந்தச் சுத்தியல்தான் எனக்கு வீடு வாங்கித் தந்திருக்கிறது. அதால் தட்டியவர் மட்டும் இன்றுவரை, தன்னை எல்லோரும் கூட்டாளி என்று கூப்பிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டுத் திறப்புக் கோர்வையைத் தந்த நாளில் அதோடு ஒரு கடதாசிப் பொட்டலமும் தந்தீர்கள். “மச்சான்ட சாமான். ஏணில விட்டுட்டுப் போய்ட்டார்.” நான் அவரிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். தன்னிடம் வேறு இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

கொங்கிறீற்றை முதல் வருடமே செய்தேன். குசினிக் கானை மாற்றினேன். மதிலை மாநகரசபை இன்னும் கேட்கவில்லை. பின் அறை மூலைக்கு மட்டும் என்ன செய்தும் சரிவரவில்லை. தெற்கு மழைக்கு நீங்கள் சொன்ன இடத்தில், நீங்கள் சொன்ன அளவில், தாரா முட்டை வந்துவிடும். சாந்தி, “வந்திட்டார் ஹாஜியார்,” என்பாள். பெயின்ற்காரன் வரும்போதெல்லாம் அந்த மூலையை விடச் சொல்வாள்.

உங்களை அடக்கிய நாளில் ஜனாஸாவுக்கு வந்தேன். மையவாடி வாசலில் உங்கள் உறவுக்காரர் ஒருவர், யாரென்று தெரியாமல், “நீங்க எங்க?” என்று கேட்டார். “அவற்ற வீட்டில இருக்கிறவன்,” என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

இன்று பின்னேரம் பம்பலப்பிட்டிக்குப் போனேன். சுத்தியல் பையில். அந்த ஃபிளாட் அழகுதான். ஜன்னலால் கடல் தெரிகிறது, ரயில் போனால் கண்ணாடி அதிர்கிறது. விற்கிறது ஓய்வுபெற்ற ஒரு மாஸ்ரரும் மனைவியும், கனடாவுக்கு மகனிடம் போகிறார்கள். சுவரெல்லாம் புதுப் பெயின்ற். தீபாவளியும் இல்லை, பொங்கலும் இல்லை, வீட்டில் கலியாணமும் இல்லை. மாஸ்ரர் சோஃபாவில் சாய்ந்துகொண்டு, “ஒரு குறையும் இல்லாத வீடு, ஐயா. பாங்க்கே பார்த்திட்டுது,” என்றார். தர்ஷினி என்னைப் பார்த்து வாயைத் திறக்காதே என்று கண்ணைக் காட்டினாள்.

நான் மச்சான் வேலை பார்க்கவில்லை. சுத்தியலை எடுத்து நடு மேசையில், பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“இதென்ன?” என்றார் மாஸ்ரர்.

“ஐபு பார்க்கிற சாமான். பாங்க், பாங்க்குக்குப் பார்த்தது. நான் பிள்ளைக்குப் பார்க்க வந்தனான். குறை இருந்தா வீடு வேண்டாம் எண்டு சொல்ல மாட்டன். இருக்கிறதை நீங்களே காட்டினியள் எண்டா எனக்குத் தட்டுற வேலை மிச்சம்.”

மாஸ்ரரின் முகம் இறுகியது. தர்ஷினி நிலத்தைப் பார்த்தாள். பிறகு குசினி வாசலில் நின்ற அந்த அம்மா வாயைத் திறந்தார்.

“அப்ப அந்த பல்கனிப் பக்கத்துச் சுவரைச் சொல்லுங்கோவன்.”

“அது பெரிசா ஒண்டும் இல்லையப்பா.”

“பெரிசா இல்லாமலே போன மாதம் ஆள் பிடிச்சுப் பெயின்ற் அடிச்சனீங்கள்? மழைக்கு ஊறுது, ஐயா. அங்கால பாத்ரூமிலயும் ஒரு மூலை. எனக்கு இந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பார்க்க நெஞ்சுக்குள்ள கிடந்து குத்திக்கொண்டே இருந்தது. வாங்கோ, காட்டுறன்.”

அவர் முன்னே போக, தர்ஷினி பின்னே போனாள். மாஸ்ரர் சத்தம் போட்டுக்கொண்டே பின்னால் வந்தவர், குளியலறை வாசலில் நின்று, “அது மட்டுமே, அந்தக் குழாயையும் சொல்லன்,” என்றார். அதற்குப் பிறகு யார் எதை முதலில் காட்டுவது என்று இருவருக்கும் போட்டி. வீட்டை வாங்குவதா விடுவதா என்று தர்ஷினி இன்னும் சொல்லவில்லை. இரத்மலானை எஞ்சினியரின் நம்பரை மட்டும் கேட்டு எடுத்துக்கொண்டாள்.

புறப்படும்போது மாஸ்ரர் மேசையிலிருந்த சுத்தியலை எடுத்து என்னிடம் நீட்டினார். கோபம் ஆறியிருந்தது.

“அதென்ன சொன்னனீங்கள்... ஐபு? அது என்ன சொல்?”

“எங்கட நானா ஒருத்தர் சொல்லுறவர்,” என்றேன்.

சொன்னவர் என்று வாயில் வரவில்லை. பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் அதைக் கவனித்தேன். திருத்தவும் மனம் வரவில்லை, நானா.